வரலாறு எதற்கு என்று கேட்ட ஒரு தகப்பனுக்கு

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார்: "மகள் தரம் 10. கணிதம், விஞ்ஞானம் நன்றாகச் செய்கிறாள். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால்தான் அழுகை. அரசர் பெயரையும் ஆண்டையும் பாடமாக்கி என்ன ஆகப் போகிறது, ரீச்சர்? அதோடு எங்கள் ஊரில் பழசைக் கிளறினால் சண்டைதானே வருகிறது. மறந்துவிட்டுப் போவது நல்லதில்லையா?"

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. முதலாவதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் கொஞ்சம் இருந்து வாசிக்க வேண்டும்.

பாடமாக்கும் விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். சாதாரண தரத்தில் வரலாறு கட்டாய பாடம், வினாத்தாளில் ஆண்டும் பெயரும் வரும், ஆகவே பிள்ளைகள் விழுங்குகிறார்கள். சோதனை முடிந்த கிழமையே எல்லாம் போய்விடும். அந்த ஆண்டுகளைத் தெரிந்திருக்க வேண்டியதுதான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பாடத்தின் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியது போலத்தான். "இது எப்படித் தெரியும்? யார் சொன்னது? அவர் அப்போது எங்கே இருந்தார்?" என்று ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கும்போதுதான் அவள் வரலாறு படிக்கிறாள். வேலை கிடைக்குமா என்றால், சட்டம், நிர்வாக சேவை, ஊடகம், தொல்லியல், சுற்றுலா வழிகாட்டி என்று வழிகள் இருக்கின்றன. அதை வைத்து நான் வாதாட வரவில்லை. உங்கள் மகள் மருத்துவராகப் போனாலும் அவளுக்கு இந்தப் பாடம் வேண்டும் என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஏன் என்றால், திருகோணமலையில் பழசு பழசாக இருப்பதில்லை. கோயில் காணி யாருடையது, குளத்தைக் கட்டியது யார், கன்னியா வெந்நீரூற்றில் யாருக்கு உரிமை, துறைமுகத்தையும் எண்ணெய்த் தாங்கிகளையும் யாரிடம் கொடுப்பது: எதைப் பேசினாலும் பேசுகிறவர்கள் வரலாற்றை வைத்துத்தான் பேசுகிறார்கள். நீங்களும் நானும் மறந்தாலும் அவர்கள் மறக்கப் போவதில்லை. பிள்ளைக்குச் சான்றை எடைபோடத் தெரியாவிட்டால், ஒலிபெருக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் அவளுக்கு வரலாறு.

ஒரு கல்லை வைத்துத் தொடங்குகிறேன். கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில், சுவாமி மலையின் விளிம்பில் ஒரு தூண் நிற்கிறது. அங்கே போகிற எல்லோருக்கும் அதன் கதை தெரியும். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகள், காதலன் அவளை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போகிறான், கப்பல் மலையைக் கடக்கும்போது அவள் கடலில் குதிக்கிறாள், தகப்பன் அவள் நினைவாகத் தூண் எழுப்புகிறார். வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள், வெளிநாட்டுக்காரர் படம் எடுப்பார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் கதையைச் சொல்ல விடுவேன். பிறகு தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பேன். எழுத்து தேய்ந்துவிட்டது, ஆனால் வாசகம் முன்பே படியெடுக்கப்பட்டிருக்கிறது: மைட்ரெக்ட் சீமாட்டி பிரான்சினா வான் ரேட என்பவரின் நினைவாக, 1687 ஏப்ரல் 24 அன்று எழுப்பப்பட்டது. அவ்வளவுதான். அவள் செத்தாள் என்று கல் சொல்லவில்லை. காதலன் இல்லை, கப்பல் இல்லை, குதித்ததும் இல்லை.

அப்புறம் அந்தப் பெண் யார் என்று தேட வேண்டும். அவளை மகளாக வளர்த்தவர் ஹென்றிக் வான் ரேட, மைட்ரெக்ட் பிரபு. ஒல்லாந்தக் கம்பனியின் பெரிய அதிகாரி. கேரளத்து மூலிகைகளைப் படத்தோடு 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேற்றிய அதே மனிதர். கம்பனியின் ஆணையாளராக இந்தியாவையும் இலங்கையையும் சுற்றிப் பார்த்த காலத்தில்தான் இந்தத் தூண் நடப்பட்டது. அவர் 1691இல் சூரத்துக்குப் போகும் வழியில் கப்பலில் இறந்தார், சூரத்தில் பெரிய கல்லறை இருக்கிறது. பிரான்சினா அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தாள் என்பது ஒல்லாந்தர் ஆவணங்களில் இருந்து தெரிகிறது. நம் மலையில் இருந்து குதித்ததாக நாம் சொல்லும் பெண், குதித்ததாகச் சொல்லப்படும் நாளுக்குப் பிறகும் பல வருஷம் வாழ்ந்திருக்கிறாள்.

இதைச் சொன்னதும் சில பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும், முகத்தில் தெரியும். நான் அடுத்த கேள்வியைக் கேட்பேன்: இந்தத் தூணின் உடம்பைப் பாருங்கள், இது ஒல்லாந்தர் செதுக்கிய மாதிரியா இருக்கிறது? இல்லை. அது பழைய கோயில் தூண். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கல்லில், ஒல்லாந்தர் தங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதியிருக்கிறார்கள். காதல் கதையைக் கேட்டுக் கண்கலங்கி நிற்கிற நாம் அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே திரும்பிவிடுகிறோம். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

சரி, கோயில் இடிக்கப்பட்டது என்பது மட்டும் எப்படித் தெரியும்? இதையும் பிள்ளைகள் கேட்க வேண்டும். நமக்குப் பிரியமான விஷயம் என்பதற்காகக் கேள்வியில் இருந்து அதற்கு விலக்குக் கொடுக்கக் கூடாது. கோயிலை இடித்தவர் கொன்ஸ்தந்தினு த சா என்ற போர்த்துக்கேயத் தளபதி. 1622 என்று பொதுவாகச் சொல்வோம், சித்திரைப் புத்தாண்டு நாளில் என்பது ஊர் மரபு. அதை விரிவாக எழுதிய போர்த்துக்கேயர் பெர்னாவோ த குவேறோஸ் என்ற பாதிரியார். அவர் எழுதியது கோவாவில் இருந்து, சம்பவம் நடந்து 60 வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு. இலங்கைக்கு அவர் வந்ததே இல்லை. அவருடைய நூல் அச்சில் வந்ததோ 1916இல், கொழும்பில். அவர் ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் நான் பிள்ளைகளிடம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் தனியாள் இல்லை. கோயிலுக்குப் போகிற நீங்கள் ஒவ்வொரு முறையும் கோட்டை வாசலைத் தாண்டித்தானே போகிறீர்கள்? அந்த வாசலில் பதித்திருக்கும் கல்லில் இரண்டு மீன்கள் இருக்கின்றன, பாண்டியர் சின்னம். கோட்டை கட்டியவர்கள் மீனைச் செதுக்கவில்லை, வேறு கட்டடத்தில் இருந்த கல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இப்போது கடலைத் தாண்டி புதுக்கோட்டைப் பக்கம் போவோம். அங்கே குடுமியான்மலையில் சடையவர்மன் வீரபாண்டியனின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, அவன் இலங்கையில் வென்று கோணமலையில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன், பொறித்ததாகச் சொல்கிறது. ஒரு கல் அங்கே, ஒரு கல் இங்கே. எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி வைத்து எழுதியவர்கள் இல்லை. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாட்சிகள் ஒரே பக்கம் கைகாட்டும்போதுதான் வரலாற்று மாணவருக்குத் தைரியம் வரும்.

கோட்டைக் கல்லில் ஒரு பாட்டின் சிதைந்த வரிகளும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று ஊரில் எல்லோரும் சொல்வோமே, அதுதான். குளக்கோட்டன் கோயில் திருப்பணி செய்த ராசா என்பது மரபு, பறங்கி என்றால் போர்த்துக்கேயர். தீர்க்கதரிசனம் என்று சொல்லி வளர்ந்தோம். பக்தியாக அதைச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, வீட்டில் நானும் அப்படித்தான் கேட்டேன். வகுப்பறையில் மட்டும் வேறு கேள்வி இருக்கிறது: பறங்கியின் பெயரை ஒரு பாட்டு சொல்கிறது என்றால் அந்தப் பாட்டு எப்போது பாடப்பட்டிருக்கும், எப்போது கல்லில் ஏறியிருக்கும்? பதிலை நான் சொல்வதில்லை. பிள்ளைகள் வாதாடட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு பக்கம் பக்தி, ஒரு பக்கம் ஆராய்ச்சி, இரண்டும் ஒரே பிள்ளைக்குள் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்பதை அந்த வாதத்தில் பார்த்திருக்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் தேவாரம் பாடிய சம்பந்தர் இருக்கிறார். 7ஆம் நூற்றாண்டு. கோணமாமலைப் பதிகத்தைக் கோயிலில் பாடுகிறோம், ஆனால் அதை ஒரு சான்றாக வாசிப்பதில்லை. "குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும் கோணமா மலையமர்ந்தாரே" என்கிறார். கடல் முத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது, குடிகள் நெருங்கிப் பெருகியிருக்கிறார்கள். அப்போதே இது சனம் நிறைந்த துறை என்று தமிழகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே வராமல் அக்கரையில் இருந்தே பாடினார் என்பது மரபு. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். குவேறோஸிடம் கேட்ட கேள்வியைச் சம்பந்தரிடமும் கேட்டால்தான் அது நேர்மை.

இடித்த கோயில் திரும்ப வெளியே வந்ததும் அழகான கதை. 1950இல் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி திருமேனிகள் மண்ணுக்குள் இருந்து கிடைத்தன. யாரோ அவசரத்தில் புதைத்திருக்கிறார்கள், திரும்பி வந்து எடுக்க அவர்களால் முடியவில்லை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடியபோது கோயில் கற்களைக் கண்டார்கள். 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஒரு பாதிரியாரின் எழுத்து, கோட்டைச் சுவர், புதுக்கோட்டைக் கல்வெட்டு, தேவாரம், கிணற்று மண், கடலடி. இத்தனையையும் சேர்த்துப் பார்த்த பிறகு ஒரு பிள்ளை "இங்கே ஒரு பெரிய கோயில் இருந்தது" என்று சொன்னால், யார் மறுத்தாலும் அவளுக்குக் குரலை உயர்த்தத் தேவை வராது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பழசைக் கிளறினால் சண்டை வருமா? வரும், பாதியை மட்டும் கிளறினால். இதற்குப் பெரியகுளத்தைத்தான் காட்டுவேன்.

பெரியகுளத்தில், அநுராதபுர வீதியில், கன்னியாப் பக்கம், காட்டோரமாக ஒரு பழைய பௌத்த விகாரை இருக்கிறது. சிங்களத்தில் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் அதன் பெயர் ராஜராஜப் பெரும்பள்ளி. அங்கே கிடைத்த சோழர் காலக் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. விளக்கெரிக்கப் பசுக்கள் கொடுத்ததையும் வேறு தானங்களையும் சொல்கின்றன. கொடுத்தவர்கள் தமிழர்.

கொஞ்சம் நிறுத்தி இதன் பாரத்தை யோசியுங்கள். சோழர் 993 அளவில் படையெடுத்து வந்து, அநுராதபுரத்தை அழித்து, பொலன்னறுவையைத் தலைநகராக்கி, 1070 வரை வடக்கையும் கிழக்கையும் ஆண்டவர்கள். சிங்களப் பிள்ளை ஒருவன் அவர்களைப் பௌத்தத்தை அழித்தவர்கள் என்று கேட்டு வளர்ந்திருப்பான். அதில் உண்மையும் இருக்கிறது, அவர்கள் விகாரைகளைக் கொள்ளையிட்டார்கள். ஆனால் அதே சோழர் ஆட்சியில், இந்த விகாரை அரசனின் பெயரைத் தாங்கி நின்றிருக்கிறது, தமிழர் அதற்கு விளக்கேற்றியிருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு வேறொரு பாடம். பௌத்தம் என்றால் சிங்களவருடையது, நமக்குச் சம்பந்தமில்லாதது, பழைய விகாரை ஒன்று கண்டெடுக்கப்பட்டால் அது நமக்கு எதிரான செய்தி என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். பெரியகுளத்துக் கல்லோ தமிழில் பேசுகிறது. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் ராஜராஜன் காலத்தில் ஆனைமங்கலம் என்ற ஊரே கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது தற்செயல் இல்லை என்று விளங்கும். தமிழ்ப் பௌத்தர்கள் இருந்தார்கள். இந்தத் தீவில் ஒரு பழைய விகாரை கிடைத்தால் அது சிங்களக் குடியேற்றத்துக்குச் சான்று என்று தானாக ஆகிவிடாது, அங்கே பௌத்தமே இருக்கவில்லை என்று நாம் மறுக்கவும் தேவையில்லை. கல்வெட்டைத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு பக்கத்துக் கூச்சலும் பழைய மாதிரிக் கேட்காது.

அதே காலத்தில் நிலாவெளிக் கல்வெட்டு கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. ஒரே மாவட்டம், ஒரே ஆட்சி, இங்கே சிவன் கோயிலுக்கு நிலம், அங்கே விகாரைக்கு விளக்கு. நான் இதை ஒற்றுமைக்குப் பிரசாரமாகச் சொல்லவில்லை. அரசர்கள் தங்கள் ஆட்சிக்கு எது உதவும் என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். நடந்தது இது, அவ்வளவுதான்.

கந்தளாய்க் குளமும் அப்படி. பாளி நூல் அதை இரண்டாம் அக்கபோதி மன்னன், 7ஆம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்கிறது. நம் கோணேசர் கல்வெட்டு (பெயர்தான் கல்வெட்டு, அது ஒரு நூல்) சொல்லும் மரபு, குளக்கோட்டன் கோயில் வயலுக்காகக் கட்டியதாகச் சொல்கிறது. பிள்ளைகள் உடனே கேட்பது "ரீச்சர், எது சரி?" என்றுதான். நான் சொல்வது இது: இந்த இரண்டு நூலும் எந்தெந்தக் காலத்தில், யாருக்காக எழுதப்பட்டன என்று முதலில் பார். பிறகு ஒரு பெரிய குளம் ஒரு ராசாவின் கையால் ஒரே நாளில் முடிகிற வேலையா, அல்லது நூற்றாண்டுக் கணக்காகக் கட்டியும் உடைந்தும் திருத்தியும் வந்ததா என்று யோசி. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்த பிறகு திரும்பக் கட்டியது நம் காலத்திலேயே நடந்தது.

துறைமுகத்துக்கு வருவோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பட்டியல் போட்டால் உங்கள் மகள் அழத்தான் செய்வாள். காரணத்தைச் சொன்னால் அழ மாட்டாள். ஒரு படத்தை விரித்து, சோழமண்டலக் கரையைக் காட்டுங்கள். நாகபட்டினம், புதுச்சேரி, சென்னை எல்லாம் திறந்த கரை. ஒக்டோபரில் வாடைக்காற்றுத் தொடங்கினால் அங்கே கப்பல் நிற்க ஏலாது. வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்தில் எந்தக் காற்றிலும் ஒரு கடற்படை முழுவதும் ஒதுங்கி நிற்கக்கூடிய இடம் திருகோணமலை. இதை விளங்கிக்கொண்டால் ஆண்டுகள் தாங்களாகவே வரிசையில் வந்து நிற்கும். 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்தன. 1782இல் மட்டும் கோட்டை இரண்டு முறை கைமாறியது, சனவரியில் ஆங்கிலேயர் எடுத்தார்கள், ஓகஸ்டில் சுப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதி அவர்களிடம் இருந்து பறித்தார். ஒதுங்க இடமில்லாமல் ஆங்கிலக் கடற்படை பம்பாய் வரைக்கும் போக வேண்டியதாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் திரும்ப வந்தார்கள், கடற்படைத் தளத்தை விட்டுப் போனது சுதந்திரத்துக்கும் பிறகு, 1957இல்.

இந்தக் குடாவில் பிடிபட்ட ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. கப்பல் பழுதாகி மூதூர்ப் பக்கம் ஒதுங்கிய ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்டு, 19 வருஷம் கழித்துத் தப்பினார். அவர் எழுதிய நூல் 1681இல் லண்டனில் வந்தது. கண்டி இராச்சியத்தின் சாதாரண சனம் எப்படி உழுதார்கள், எதை உண்டார்கள் என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரிய பங்கு அந்தக் கைதியின் எழுத்தால்தான். அரசர்கள் எழுதிவைக்காததை ஒரு கைதி எழுதிவைத்தார்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பேப்பரில் பார்க்கிறீர்கள் அல்லவா? ஆங்கிலேயர் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கின, அதில் ஒன்று தாங்கியில் மோதி எரிந்தது. அதே நாளில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். 1987இல் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தோடு சேர்ந்த கடிதங்களில் இந்தத் தாங்கிகள் வருகின்றன. 2022 சனவரியில் 99 தாங்கிகளையும் பங்கிட்டார்கள்: 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. சுப்ரெனும் ஆங்கிலேயரும் ஏன் மோதினார்கள் என்று தெரிந்த பிள்ளைக்கு இந்தச் செய்தி வெறும் கம்பனிச் செய்தி இல்லை. எங்கள் துறைமுகத்தைப் பற்றி டில்லியிலும் பீஜிங்கிலும் வாஷிங்டனிலும் ஏன் பேசுகிறார்கள் என்று அவளே உங்களுக்கு விளங்கப்படுத்துவாள்.

இனி மறப்பது. நீங்கள் இந்தச் சொல்லை எழுதும்போது சம்பந்தரையும் சோழரையும் நினைத்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். யுத்தத்தைத்தான் நினைத்திருப்பீர்கள். உங்கள் மகள் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவள். 2006 சனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டது அவளுக்குத் தெரியுமா? அந்த ஓகஸ்டில் மூதூரில் 17 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதும், மூதூர் முஸ்லிம் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு ஓடியதும் தெரியுமா? பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் தங்கள் வீட்டுக் கதை மட்டும் தெரியும். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழரின் சாவு தெரியும், முஸ்லிம் பிள்ளைக்கு முஸ்லிம்களின் சாவு, சிங்களப் பிள்ளைக்குச் சிங்களவரின் சாவு. மூன்று வீட்டிலும் மற்ற இரண்டைப் பற்றி மௌனம். பெற்றோர் நல்ல மனத்தோடுதான் மௌனமாக இருக்கிறார்கள், பிள்ளைக்கு வெறுப்பு வரக் கூடாது என்று. எனக்கு வேறு பயம். வீட்டில் சொல்லாததைப் பிள்ளை கைபேசியில் தேடும். அங்கே கிடைப்பது இசை போட்டு வெட்டி ஒட்டிய காணொளி, ஒரு பக்கம் மட்டும் அழுகிற காணொளி. அதைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளையோடு பேசுவது, ஒன்றுமே தெரியாத பிள்ளையோடு பேசுவதைவிடக் கஷ்டம்.

மறதி பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது சிமெலு தீவின் விஷயத்தை. இந்தோனேசியாவில், சுமாத்திராவுக்கு அருகே இருக்கிறது. 1907இல் அங்கே பேரலை வந்து பலர் செத்தார்கள். தப்பியவர்கள் அதைக் கதையாகவும் தாலாட்டாகவும் ஆக்கி வைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், ஒன்றையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்துக்கு மிகக் கிட்ட இருந்தும், எழுபதாயிரத்துக்கும் மேல் சனம் உள்ள அந்தத் தீவில் செத்தவர்கள் ஏழு பேர் என்று கணக்கு. நம் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் பாட்டிமார் சொல்லிவந்த ஒரு கசப்பான ஞாபகம் அங்கே ஊரைக் காத்தது. அந்தப் பாட்டிமாரும் "பிள்ளைகள் பயப்படும், சொல்லாமல் விடுவோம்" என்று நினைத்திருக்கலாம்.

அதனால் எல்லாவற்றையும் இப்போதே மகளிடம் கொட்டச் சொல்லவில்லை. சிலவற்றைச் சொல்லும் வயது வேறு, சொல்லும் மனநிலை வேறு. சொல்லும்போது இரண்டை மட்டும் பாருங்கள். கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரருக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு யோசனை. அடுத்த சனிக்கிழமை காலையில் அவளைப் பெரியகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. வெள்ளை உடுப்பு நல்லது, அது வழிபாட்டுத் தலம். தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று அவளையே தேட விடுங்கள், நீங்கள் காட்டிக்கொடுக்க வேண்டாம். இன்னொரு நாள் கோணேசருக்குப் போகும்போது கோட்டை வாசலில் நின்று மீனைப் பார்க்கட்டும், படம் எடுக்கிறது என்றால் அங்கே காவலில் இருப்பவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பழைய காணி உறுதி, கூப்பன் அட்டை, இடம்பெயர்ந்த காலத்துப் பதிவுத் துண்டு ஏதாவது இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, அது எப்போது, யாரால், ஏன் எழுதப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதட்டும். பாட்டியின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்கிறாள் என்றால் முதலில் பாட்டியிடம் சம்மதம் கேட்க வேண்டும், அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும்.

சோதனையையும் விட முடியாது, எனக்குத் தெரியும். அதற்கு ஒரு நீளத் தாளில் காலக்கோடு ஒன்றைக் கீறி அவள் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். பாடப்புத்தகத்து ஆண்டுகளை மேலேயும், நம் மாவட்டத்து ஆண்டுகளைக் கீழேயும் எழுதட்டும். 993க்குக் கீழே பெரியகுளம், 1638 கண்டி–ஒல்லாந்தர் உடன்படிக்கைக்குக் கீழே 1639 திருகோணமலை, இப்படி. ஒரு தவணைக்குள் பாதி ஆண்டுகள் பாடமாக்காமலே மனதில் நிற்கும். மிச்சத்துக்குக் கடந்த வருஷ வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், நான் இருந்து பார்க்கிறேன்.